ஊர்ப்பெயர் சுமந்த பழி

'ஊர் சிரித்தது' என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தனர் என்பது பொருள். இடத்தின் பெயர் அவ்விடத்தாருக்கு ஆகி வருதலின் இஃது இடவாகுபெயர் எனப்படும். ஆங்கில மொழியிலோ, ஓர் ஊரின் பெயர் இந் நிலையையும் கடந்து வினைச்சொல்லாகவே மாறிவிட்டது. அவ்வூர் சீன நாட்டின் பெருந் துறைமுகமாகிய ஷாங்காய்.

சீன மொழியில் 'ஷாங்' என்பது மேல். 'ஹாய்' என்பது கடல். 'கடல்மேல்' என விரியும் அழகிய பெயர் அது. ஆனால் ஆங்கிலக் கொச்சை வழக்கில் ஒருவனை 'ஷாங்காய் செய்தல்' என்பது, அவனை மயக்கியோ அடித்தோ கப்பலேற்றி, அவன் விருப்பமின்றி வேலை வாங்குதலாம்.

இக் கொடுமைக்குப் பேர்போன இடம் ஷாங்காய் அன்று. அமெரிக்காவின் மேலைக்கரைத் துறைமுகங்களாகிய சான் பிரான்சிஸ்கோவும் போர்ட்லண்டுமே. 1848-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவவே, சான் பிரான்சிஸ்கோவை அடைந்த கப்பல்களின் மாலுமிகள் கூலியையும் துறந்து பொன் தேடி ஓடினர். ஆளற்ற கலங்கள் நூற்றுக்கணக்கில் கரையோரம் நின்றன. கப்பல் தலைவர்கள் தவித்தனர். தவிப்பு உள்ள இடத்தில் தரகனும் தோன்றுவான் அன்றோ? மாலுமிகள் தங்கும் விடுதிகளை நடத்தியோருள் சிலர் ஆள்பிடிக்கும் தொழிலில் இறங்கினர். மதுவில் மயக்கமருந்து கலந்து கொடுப்பர்; உணர்விழந்தவனைப் படகிலிட்டு இரவோடிரவாகக் கப்பலிற் சேர்ப்பர்; தலைக்கு இவ்வளவு எனப் பணம் பெறுவர். அதற்குக் 'குருதிப் பணம்' என்றே பெயர். கண் விழித்தவன் காண்பது நடுக்கடல். அவனுக்குரிய முன்பணமும் தரகன் மடியில் இருக்கும்! தப்பியோடினாலோ சிறை, அன்றைய சட்டம் அத்தகையது. அக் கலங்கள் நெடுந்தொலைவிலுள்ள ஷாங்காய் போன்ற துறைகளுக்குச் சென்றமையால் இச் சொல் பிறந்தது என்பர்.

நார்வே நாட்டிற் பிறந்து, தாமும் மாலுமியாய் உழைத்த ஆண்ட்ரூ பியூருசெத் என்பார் இதனை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 1915-இல் அமெரிக்க மாலுமியர் சட்டம் நிறைவேறியது. முன்பணம் கொடுத்தல் தடுக்கப்பட்டது. ஓடியவரைச் சிறையிடும் வழக்கமும் நீங்கியது. பாய்க்கப்பல்கள் மறைந்து நீராவிக் கப்பல்கள் பெருகியதும் ஒரு காரணம்.

கொடுமை ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. இன்றும் ஒருவரை ஏமாற்றி வேண்டாத வேலையில் மாட்டிவிடுதலை அச் சொல்லாற் குறிக்கின்றனர். இது முறையாகுமா? தீமை செய்த தரகர் வாழ்ந்த ஊர் ஒன்று. பழி சுமக்கும் ஊர் வேறொன்று. சொல்வோர் அவ்வூரை நினைத்துச் சொல்வதில்லையே என்று சிலர் வாதிடலாம். நினையாமல் வழங்கும் பழியே நெடுநாள் நிலைக்கிறது. இகழ்ச்சி உள்ளத்தில் இருந்தால் ஒருநாள் மாறக்கூடும். நாவில் மட்டும் தங்கியதை யார் திருத்துவர்?

தமிழ்நாட்டு மக்களும் சீனத்தின் பெயரை எடுத்தாண்டனர். ஆனால் எதற்கு? தேநீரில் இடும் சீனிக்கும், திருநாளில் கொளுத்தும் சீனவெடிக்கும், அடுக்களையிலுள்ள சீனச்சட்டிக்கும்.

ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவது ஆங்கில மரபு. அம்மொழி அகராதிகளில் நகரைக் குறிக்கும் ஷாங்காய் பெரிய எழுத்திலும், வினையாகிய ஷாங்காய் சிறிய எழுத்திலும் தொடங்குகின்றன.