ஓர் எழுத்துப் பிழையும் மருமகள் மீது விழும் பழியும்

தமிழாசிரியர் ஒருவர் மரபணுவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். பிறவியிலேயே செவித்திறன் குன்றிய பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளுக்கும் வருகிறார்கள். அவர்களோடு அவர்களுடைய குடும்பக் கதைகளும் வருகின்றன. அக்கதைகளில் அறிவியல் இருக்கவேண்டிய இடத்தில் பழி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

"எங்கள் பக்கத்தில் இப்படி யாருமே இல்லை. எல்லாம் இவள் வழியில் வந்தது." பூன் லேயில் நான் குடியிருக்கும் இத்தனை ஆண்டுகளில் இவ்வாக்கியத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பெரியவர்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். புளோக்கின் கீழ்த்தளத்தில், சந்தைக்குப் போகும் வழியில், சம்பந்தப்பட்ட மருமகள் பக்கத்தில் நிற்கும்போதே இதைச் சொல்வார்கள். கூடவே கிரகணத்தன்று வெளியே வந்தாள், முன்வினை, யாரோ இட்ட சாபம் என்று பட்டியல் நீளும். அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பாள். படித்த பெண்ணாகத்தான் இருப்பாள். அலுவலகத்தில் பத்துப் பேரை வழிநடத்துபவளாகவும் இருக்கலாம்.

அந்த வாக்கியம் கொடுமையானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது பெரும்பாலும் பொய்யானது என்பதே நான் சொல்ல வந்தது.

பிறவிச் செவித்திறன் குறைபாட்டில் பாதிக்கும் மேற்பட்டவை மரபணுக் காரணம் உடையவை. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் உலகெங்கும் அதிகம் பேசப்படுவது, 1997ஆம் ஆண்டில் செவித்திறன் குறைபாட்டோடு தொடர்புடையதென்று கண்டறியப்பட்ட 'கனெக்சின் 26' என்னும் புரதத்துக்கான மரபணு. 13ஆவது குரோமோசோமில் இருக்கும் மிகச் சிறிய மரபணு இது. நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் நம் உட்செவியில் அடுத்தடுத்த செல்களுக்கிடையே நுண்ணிய வழிகளை அமைப்பது இப்புரதத்தின் வேலை. அவ்வழிகளினூடே பொட்டாசியம் அயனிகளும் வேறு சிறு மூலக்கூறுகளும் கடந்து செல்கின்றன. வழி அடைபட்டால் உட்செவி செம்மையாக வளரவும் இயங்கவும் முடியாது.

இனி நம் தொழிலுக்கு, அதாவது எழுத்துக்கு வருவோம். இப்புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு 226 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து. 24ஆவது சொல் 'டிஜிஜி'. அதற்கு டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்க்கவேண்டும் என்று பொருள். வாக்கியத்தின் 71ஆவது எழுத்தாகிய அந்த நடு 'ஜி', 'ஏ' ஆக மாறினால் சொல் 'டிஏஜி' ஆகிவிடும். 'டிஏஜி' என்றால் முற்றுப்புள்ளி. வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறது. மீதமுள்ள இருநூற்றுச் சொச்சம் சொற்கள் வாசிக்கப்படுவதே இல்லை. இந்தியர்களிடையே கனெக்சின் 26இல் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான்.

சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோரிடம் வேறு பிழை. 235ஆம் இடத்தில் ஓரெழுத்து விடுபட்டுப்போக, அதன்பின் வரும் சொற்களெல்லாம் தவறாகப் பிரிகின்றன ('பலகை'யைப் 'பல கை' என்று பிரிக்கும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள்). கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள மூன்றாவதொரு பிழை, 37ஆவது சொல்லை மட்டும் சற்றே மாற்றுகிறது. அதனால் வரும் குறைபாடு பெரும்பாலும் இலேசானது. பிறந்தவுடன் செய்யும் சோதனையில் தப்பிவிட்டு, வளர்ந்தபின் வெளிப்படவும் கூடும். ஒரே புளோக்கில் வாழும் நாம் எல்லாரும் ஒரே மரபணுவின் வெவ்வேறு அச்சுப்பிழைகளைச் சுமக்கிறோம் என்பது எனக்கு வியப்பளித்த செய்தி.

நம் பிழைக்கு வயது அதிகம். பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அப்பிழையைச் சுற்றியுள்ள மரபணுப் பகுதிகள் பலரிடம் ஒத்திருப்பதைக் காட்டியது. எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையரிடமிருந்து அது கிளைத்துப் பரவியது என்பதற்கு அது சான்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுச் சென்ற ரோமா மக்களின் வழித்தோன்றல்களிடம், ஐரோப்பாவின் ஸ்லோவாக்கியாவிலும் இதே பிழை காணப்பட்டுள்ளது. மொழியின் பெரும்பகுதியும் உடையும் உணவும் மாறிய பின்னும் அந்த ஓரெழுத்து மாறவில்லை.

நிற்க. பழிக்கு வருவோம்.

இவ்வகைக் குறைபாடு ஒடுங்கு பண்பாக வருவது. நம் ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. ஒரு படியில் பிழையிருந்து மற்றது சரியாக இருந்தால் காது நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்டவர் பிழையைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவர். அது அவருக்கே தெரியாது. கடத்துபவர் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டு படிகளும் பிழையாக அமைவதற்கு. (முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூவருக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது.)

ஆகவே குழந்தைக்கு இரண்டு பிழைப் படிகள் இருக்கின்றன என்றால், அநேகமாக எப்போதும், ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது. தகப்பனுக்கு அது அவனுடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தது. "எங்கள் பக்கத்தில் யாருமே இல்லை" என்று சொல்லும் பாட்டி, தாமோ தம் கணவரோ அதைச் சுமந்தவராக இருக்கலாம் என்பதை அறியாமலே பேசுகிறார். யாரும் தென்படாததற்குக் காரணம், சுமப்பவர்களுக்கு நன்றாகக் காது கேட்பதே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாய் வழியாக மட்டுமே வரும் வகையும் உண்டு. செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியான மரபுக்குறிப்பு இருக்கிறது. அது தாயிடமிருந்துதான் வரும். அதில் 1555ஆம் இடத்தில் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஸ்டிரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் செவித்திறனைப் பறித்துவிடலாம். 1993இல் இது கண்டறியப்பட்டது. ஒரு பிள்ளையிடம் இதைக் கண்டுபிடித்தால் உடன்பிறந்தாருக்கும் சித்தி பெரியம்மா பிள்ளைகளுக்கும் அம்மருந்துகளைத் தவிர்க்கும்படி மருத்துவரிடம் சொல்லிவைக்கலாம். இங்கேயும் தாயைப் பழிப்பதால் ஒருவருக்கும் பயனில்லை; தாய்வழி உறவினருக்குச் செய்தியைச் சொல்வதால் சிலருடைய காதுகள் பிழைக்கும்.

இப்போது சற்றுக் கசப்பான பகுதி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணந்தவர்கள். தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பதும், அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்கம் இருக்குமிடத்தில் இதற்கு இடம் விட்டிருக்கிறது. தாய்மாமனும் மருமகளும் மணந்தால், பிறக்கும் குழந்தையிடம் எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் ஒரே மூலத்தின் இரு படிகளாக அமைய எதிர்பார்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். உறவில் மணந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. என் உறவினர்களில் பாதிப்பேர் அக்கூண்டில் நிற்க நேரிடும்.

நான் குறை காண்பது மறைப்பதை. சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று கூடிக்கூடிப் பேசும் நாம், அந்தச் சொந்தத்துக்குள்ளேயே ஓடும் இந்த ஒரு செய்தியை மட்டும் வாய்திறந்து சொல்வதில்லை. சிங்கப்பூரில் ஒரு குழந்தைக்குச் சோதனை முடிவு வருகிறது. ஊரிலிருக்கும் சித்தப்பாவின் மகளுக்கு அதே குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்புப் போவதில்லை. போனால் 'வரன் தட்டிப்போகும்'. எந்தப் பிழை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால், மற்ற உறவினரிடம் அது உண்டா இல்லையா என்று பார்ப்பது எளிய இரத்தப் பரிசோதனை. இல்லையென்று தெரிந்தால் நிம்மதியாக மணக்கலாம். இருவரிடமும் உண்டென்று தெரிந்தால், அப்போதும் முடிவு அவர்களுடையதே, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கும் முடிவு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவித்திறனற்றோர் தங்களுக்குள் மணந்துகொண்டால் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்று 1883இல் எச்சரித்தார். அவருடைய தாயும் மனைவியும் காது கேளாதவர்கள் என்பது வேடிக்கை. அவர் அஞ்சியது போல நடக்கவில்லை. தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக மரபியல் துறையில் ஸ்ரீகுமாரி ஸ்ரீசைலபதியும் அவருடைய மாணவர்களும், கணவனும் மனைவியும் செவித்திறன் குறைந்தவர்களாக உள்ள தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அத்தகைய தம்பதியர் இருவரிடமும் ஒரே மரபணுவில் பிழை என்றால் பிள்ளைகளுக்கும் குறைபாடு வரும். வெவ்வேறு மரபணு என்றால் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் காது கேட்கும். பாலித் தீவின் வடக்கே பெங்காலா என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குப் பல தலைமுறைகளாகக் காது கேளாதோர் மிகுதி. காரணமான மரபணு 1998இல் இனங்காணப்பட்டது. ஆனால் அக்கிராமத்தார் மரபணுவுக்காகக் காத்திருக்கவில்லை. காது கேட்பவர்களிலும் பலர் சைகை மொழி கற்றுக்கொண்டு பேசுகிறார்கள். நம் புளோக்குகளில் எத்தனை பேருக்குச் சைகையில் 'சாப்பிட்டாயா' என்று கேட்கத் தெரியும்?

சிங்கப்பூரில் 2002 முதல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் செவிச்சோதனை என்னும் நடைமுறை இருக்கிறது. ஆகவே குறைபாட்டை அறிவதில் பெரும்பாலும் தாமதமில்லை. அடுத்த படியாகிய மரபணுச் சோதனையை மருத்துவர் பரிந்துரைக்கும்போதுதான் குடும்பம் தயங்குகிறது. 'தெரிந்து என்ன ஆகப்போகிறது?' என்பது ஒரு தயக்கம். ஆகும். கனெக்சின் 26 பிழையுள்ள குழந்தைகளின் செவி நரம்பு பொதுவாக நன்றாக இருப்பதால், உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி அவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. 'ஓட்டோஃபெர்லின்' என்னும் வேறொரு புரதத்தின் மரபணுவில் பிழையுள்ள ஆறு குழந்தைகளுக்கு ஷாங்ஹாயில் சரியான மரபணுவையே உட்செவிக்குள் செலுத்தியதில், ஐவருக்குச் செவித்திறன் மீண்டதாக 2024 ஜனவரியில் ஆய்வு முடிவு வெளிவந்தது. அச்சிகிச்சை கனெக்சின் பிழைக்குப் பொருந்தாது. யாருக்கு எது பொருந்தும் என்பதை அறியவேனும் பிழை எதுவென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? காப்புறுதி பற்றிய அச்சம் இன்னொரு தயக்கம். நோயில்லாத ஒருவரை மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி காப்புறுதி நிறுவனம் வற்புறுத்தக்கூடாது என்னும் ஏற்பாடு 2021 அக்டோபரிலேயே இங்கு நடப்புக்கு வந்தது.

கடைசியாக, என் வகுப்பறை சார்ந்த ஒன்று. குழந்தைக்குக் குறைபாடு என்றவுடன் பல பெற்றோர் முதலில் கைவிடுவது தமிழை. 'ஆங்கிலம் ஒன்றே போதும், குழப்ப வேண்டாம்' என்று சொல்லித் தாய்மொழி விலக்குக் கேட்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு விலக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இரு மொழி கேட்டு வளர்வதாலேயே பேச்சு கெட்டுவிடும் என்பதை, காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. விலக்குப் படிவத்தில் கையொப்பமிடுமுன் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை கேளுங்கள். பிள்ளையின் தமிழாசிரியரிடமும் பேசுங்கள்: எங்கே உட்காரவைப்பது, கருவியோடு இணையும் ஒலிவாங்கியைத் தமிழ் வகுப்பிலும் அணிந்துகொள்ள முடியுமா, கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசும் வழக்கத்தை விட முடியுமா என்று. வீட்டில் அந்தப் பாட்டிக்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றுதான். பழி சொன்ன அதே பாட்டிதான் மாலையில் பிள்ளையைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துவருகிறார். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும்.