பல்வலியா, சுபாவமா?

பாட்டியின் மூட்டு வலியிலிருந்து பேரனின் வறட்டு இருமல் வரை நம் குடும்ப டாக்டருக்கு எல்லாம் அத்துப்படி. ஆனால் அதே வீட்டில் அறிவு வளர்ச்சி குறைந்த 30 வயதுப் பிள்ளை ஒருவன் இருந்தால், அவனை மட்டும் ஜுரம் வந்தால்தான் பார்க்கிறார். மற்றதெல்லாம் "அவன் சுபாவம் அப்படி!"

இந்தச் 'சுபாவம்' என்ற சொல் பொல்லாதது, சகோதரிகளே! பத்து நாளாகக் கன்னத்தில் அறைந்துகொள்கிறான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறான் என்றால், தூக்க மாத்திரை எழுதுமுன் வாயைத் திறந்து பார்க்க வேண்டாமா? கடைவாய்ப் பல் சொத்தையாயிருக்கலாம். காதில் குறும்பி அடைத்திருக்கலாம். வெறும் மலச்சிக்கலாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்?

'டவுன் சிண்ட்ரோம்' உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாவது சகஜம். சோம்பல், பருமன், மறதி எல்லாம் அதனால் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையும் உண்டு. இவர்களில் பலருக்கு 40, 50 வயதிலேயே மறதி நோய் வருவதும் உண்மைதான். ஆனால் அந்த முத்திரையைக் குத்துமுன் தைராய்டு, காது, கண் மூன்றையும் டாக்டர் பார்த்துவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 14 வயதுக்கு மேல் இப்படிப்பட்டவர்களுக்குக் குடும்ப டாக்டரிடமே வருஷத்துக்கு ஒரு முறை முழுப் பரிசோதனை உண்டு. நோய் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நாமும் நம் டாக்டரிடம் வருஷத்தில் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே! கூட்டமும் சத்தமும் பிள்ளையைக் கலக்கும். முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லுங்கள். "சாப்பிடுகிறானா, அம்மா?" என்று உங்களைக் கேட்டால், "அவனையே கேளுங்கள், டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்டெதாஸ்கோப்பை முதலில் அவன் கையிலேயே கொடுத்துப் பழக்குவார். அடுத்து என்ன செய்யப் போகிறார் என்பதைச் சின்னச் சின்ன வார்த்தைகளில் சொல்லிவிட்டுத் தொடுவார்.

போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். எடை, தூக்கம், மலம், வலிப்பு வந்த நாள், சாப்பிடும் மாத்திரைகள். பெண்ணாயிருந்தால் மாதவிலக்குத் தேதிகளும். அந்த நோட்டு எங்கே இருக்கிறதென்று மருமகளுக்கும் காட்டி வையுங்கள். எந்த மாத்திரையை அவன் துப்புவான், எந்த முனகலுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் இன்று வரை அம்மாவின் மனசில் மட்டும்தானே இருக்கிறது?