தகட்டில் தைத்த தாய்

எங்கள் தெருமுனை கிரில் பட்டறையில் கேட் அடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போன வாரம் என் போனை நீட்டினேன். திரையில் ஒரு சிலையின் படம். தலையில் முக்காடு போட்ட பெண். ஒரு கையில் அரிவாள், மறு கையில் துணியில் சுற்றிய குழந்தை. உயரம் சுமார் 165 சென்டிமீட்டர். பக்கத்தில் போய் நின்றால் நம் அம்மா உயரம்தான் இருக்கும்.

“வெண்கலமா?” என்றவர், படத்தைப் பெரிதாக்கிப் பாவாடைப் பக்கம் பார்த்தார். “இல்லம்மா, தகடு. ஜாயின்ட் தெரியுது பாரு.”

சரியாகத்தான் சொன்னார். ‘மொன்செராட்’ என்ற அந்தச் சிலை, இரும்புத் தகடுகளை அடித்து வளைத்து வெல்டிங் வைத்துச் செய்தது. செய்தவர் ஹூலியோ கொன்சாலஸ். பார்சிலோனாவில் 1876-ல், உலோக வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் பட்டறையிலேயே தொழில் பழகி, பிறகு பாரிஸில் குடியேறினார். நாற்பதைத் தாண்டிய பிறகு, 1918-ல், ரெனோ கார் தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, இரும்பில் சிலை செய்ய உதவி கேட்டு அவரிடம் வந்தவர் பிக்காசோ!

1937-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. ஸ்பெயினில் அப்போது உள்நாட்டுப் போர். குடியரசு அரசாங்கம் தன் அரங்குக்காகக் கலைஞர்களிடம் படைப்புகள் கேட்டது. பிக்காசோ ‘கெர்னிகா’ வரைந்தார். கொன்சாலஸ் கொடுத்தது இந்த விவசாயப் பெண்ணை. மொன்செராட் என்பது பார்சிலோனா அருகே மாதா கோயில் இருக்கும் மலை. அந்தப் பக்கத்தில் பெண்களுக்கு வைக்கிற பெயரும் அதுதான், நம்மூரில் வேளாங்கண்ணி என்று வைப்பதுபோல. கெர்னிகா ஓவியத்தைப் பள்ளிப் பாடத்திலேயே பார்த்துவிட்டேன். இவளைப் பற்றி இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

தையல் தெரிந்தவர்களுக்கு இந்த வேலை சட்டென்று புரியும். வெண்கலச் சிலை என்றால் அச்சு செய்து உருக்கி ஊற்றலாம். தகட்டில் அது நடக்காது. தட்டையான தகட்டிலிருந்துதான் தோள், முழங்கை, கன்னம் எல்லாம் வர வேண்டும். ஜாக்கெட் துணி மாதிரி துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் குழிவாக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். உள்ளே வெறும் கூடுதான். துணியாவது கொஞ்சம் இழுத்தால் வரும், இரும்பு வராது.

“சேர்க்கிறதுகூட பரவால்ல, சூடு இருக்கே, அதான் எமன்” என்றார் அண்ணன். கேஸ் வெல்டிங் தீயின் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மெல்லிய தகட்டில் ஒரே இடத்தில் தீயைக் காட்டினால் ஓட்டை விழும். ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் ஓட்டினால், ஆறும்போது தகடு சுருங்கி மொத்தமும் கோணிக்கொள்ளும். அதனால் முதலில் அங்கங்கே பொட்டு வைத்து நிறுத்துவார்கள். கையால் ஓட்டுப்போட்டுவிட்டு அப்புறம் மிஷினில் அடிப்போமே, அதே கதை. பிறகு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். கேட் கோணினால் தட்டி நிமிர்த்தலாம். முகம் கோணினால்?

எனக்குப் பிடித்தது அந்தப் பாவாடைதான். கனமான துணி காலைச் சுற்றி விழுகிற மாதிரியே மடிப்புகள். ஆனால் இரும்பு என்பதை எங்கும் மறைக்கவில்லை. தகடு சேரும் இடங்களைக் கண்ணால் பின்தொடரலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிரான்ஸைப் பிடித்தது. வெல்டிங்குக்கு வேண்டிய ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கிடைப்பது கஷ்டமானது. கொன்சாலஸ் பிளாஸ்டருக்கு மாறினார், நிறைய வரைந்தார். மறுபடியும் மொன்செராட்டைத்தான் செய்யத் தொடங்கினார். இந்த முறை அரிவாள் இல்லை. வாய் பிளந்து அலறும் முகம். 1942 மார்ச்சில் அவர் இறந்தபோது அது பிளாஸ்டராகத்தான் இருந்தது. வெண்கலத்தில் வார்த்தது பின்னால்தான்.

தகட்டில் செய்த முதல் மொன்செராட், ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

போனைத் திருப்பிக் கொடுத்த அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “குழந்தையை எந்தப் பக்கத்துலேர்ந்தும்மா பத்தவச்சிருப்பாரு?”