கடைசிப் பேருந்துக்கு ஓடும் பையன்

சாட் ஹார்பாக்கின் 'தி ஆர்ட் ஆஃப் ஃபீல்டிங்' (2011) கல்லூரி பேஸ்பால் நாவல். ஹென்றி எறிந்த பந்தொன்று குறிதவறி அறைத்தோழனின் முகத்தைத் தாக்குகிறது. அதன்பின் தன் கையையே அவன் நம்புவதில்லை. ஆட்ட விதிகள் அறியாமலேயே படித்துவிடலாம் (நானும் அறியேன்).

தமிழில் இத்தகைய நாவல் இல்லை என்போர் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) நூலை மறந்துவிடுகிறார்கள். சிகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடும் கல்லூரி மாணவன் சந்திரசேகரன். 1948இல் நிஜாம் ஆட்சி வீழும்வரையிலான கொந்தளிப்பு அவன் படிப்பையும் ஆட்டத்தையும் கலைத்துப்போடுகிறது. எனக்கு ஹென்றியைவிட இவனே நெருக்கமானவன்.

ஆனால் அதற்குப் பிறகு? ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் கல்லூரிக்குச் சென்று, மாலையில் வாலிபால் ஆடிவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பையன் எங்கே? கரிசல் இலக்கியத்தில் சம்சாரியைக் கண்டிருக்கிறேன், தீப்பெட்டி ஒட்டும் சிறுமியைக் கண்டிருக்கிறேன். அவனை இன்னும் சந்திக்கவில்லை.