வட்டத்தின் உள்ளும் புறமும்

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பப்போகும் ஆண்டில் நம் நாட்டுப் பெற்றார் பலர் சிறிது காலம் நில அளவையாளராக மாறிவிடுகின்றனர். ஊர்ப் படத்தை விரித்து, தம் வீடு இருக்குமிடத்தையும் தாம் விரும்பும் பாடசாலையின் வாயிலையும் குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆரையாகக் கொண்டு வட்டம் ஒன்று கீறுகின்றனர். அவ்வட்டத்துள்ளே வேறு பாடசாலைகள் எத்தனை அகப்படுகின்றனவோ அத்தனைக்கும் விண்ணப்பத்திற் புள்ளி குறையும். ஆதலின் வட்டம் சிறிதாக அமைந்தவர் மகிழ்கின்றனர். பெரிதாக அமைந்தவரோ வீட்டை மாற்றலாமா, உறவினர் முகவரியைத் தரலாமா என்று யோசிக்கத் தொடங்குகின்றனர். கவராயத்தைக் கண்டுபிடித்தவர் அஃது இத்துணைக் குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கும் என எண்ணியிருக்கமாட்டார்.

முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிக் கல்வி அமைச்சு பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்த சுற்றறிக்கைகளை வாசகர் அறிவர். இடங்களுள் நூற்றுக்கு 50 பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 அங்கே ஏற்கெனவே கற்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையர்க்கு. எஞ்சியவை கல்வித் துறையினர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பினோர் ஆகியோருக்கு. அண்மை என்பதை மெய்ப்பிக்கக் காணி உறுதி வேண்டும். வாக்காளர் இடாப்பிற் பல ஆண்டுகளாகப் பெயர் இருத்தல் வேண்டும். இவற்றிற்கெல்லாம் தனித்தனிப் புள்ளிகள் உள.

மேலோட்டமாகப் பார்ப்பின் இதைவிட நீதியான முறை வேறில்லை எனத் தோன்றும். பணத்தையோ குலத்தையோ கேளாது தூரத்தை மட்டும் கேட்கின்றதன்றோ! ஆனால் தூரத்துக்கும் விலை உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் பெயர் பெற்ற பாடசாலைகளின் மதிலோரத்துக் காணியை வாங்கக்கூடியவர் யாவர்? அங்கே நெடுங்காலம் வாடகைக்குக் குடியிருக்கக்கூடியவர்தாம் யாவர்? பாடசாலையின் கீர்த்தி காணியின் விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலை ஏழையை வட்டத்துக்கு வெளியே தள்ளுகின்றது. வட்டத்துக்குள் எஞ்சியவர் பழைய மாணவராகித் தம் பிள்ளைகளுக்கு அந்த 25 வீதத்தையும் உரிமையாக்கிக் கொள்கின்றனர். இங்ஙனம் இரண்டு தலைமுறை சென்றால் இலவசப் பாடசாலை ஒன்று, கட்டணம் ஒரு சதமும் வாங்காமலே, வசதியுடையோரின் பாடசாலையாகி விடுகின்றது. எல்லையை வேறு விதமாக வகுத்து, செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரச் செய்யலாகாதா என்ற கேள்வி இதனாலேயே எழுகின்றது.

இக்கேள்வியை மன்னார்த் தீவுக்குக் கொண்டு சென்று பார்ப்போம். ஏறக்குறைய 130 சதுரக் கிலோமீற்றர் பரப்பினதாய், ஒடுங்கி நீண்டு கிடக்கும் இத்தீவின் ஒரு முனையில் மன்னார் நகரும் மறு முனையில் தலைமன்னாரும் உள. இடைநடுவே, வடகரையை ஒட்டி அமைந்தது பேசாலை. வெற்றி அன்னை ஆலயத்தையும் கரையில் ஏற்றிவைத்த வள்ளங்களையும் கருவாட்டு மணத்தையும் அறிந்தோர் இவ்வூரை மறவார். 1970களில் உருசிய நிபுணர் வந்து எண்ணெய் தேடித் துளையிட்டதும் இங்கேதான். எண்ணெய் அன்று வாணிபத்துக்குத் தக்க அளவிற் கிடைக்கவில்லை. மீனே தொடர்ந்து சோறு போடுகின்றது.

பேசாலையிலிருந்து நகரப் பாடசாலை ஒன்றை நோக்கி ஆரை இழுத்தால் அது 15 கிலோமீற்றர் அளவில் வரும். அவ்வாரையைக் கொண்டு வட்டம் கீறினால் அதன் பெரும்பகுதி கடலில் விழும். கடலிற் பாடசாலை இல்லை. ஆனால் எஞ்சிய நிலத் துண்டிலே கரிசல், தாராபுரம், எருக்கலம்பிட்டி, தோட்டவெளி முதலிய ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. நெருக்கடி மிக்க பாடசாலை ஒன்றில் இப்புள்ளிக் கணக்குப் பார்க்கப்படுமாயின் பேசாலைச் சிறுவனுக்கு எஞ்சுவது மிகக் குறைவே. கொழும்பிலே ஒரு தெருவையும் மறு தெருவையும் பிரித்தறிய வகுத்த கணக்கு, கத்தி போன்ற இத்தீவிலே முழு ஊர்களை வெட்டிவிடுகின்றது.

காணி உறுதியின் கதை இதனினும் துயரமானது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது இக்கரையிலிருந்து இரவோடிரவாக வள்ளம் ஏறி இராமேசுவரம் சென்றோர் பல்லாயிரவர். அவ்வாண்டு ஐப்பசியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முசிலிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்றனர். 2006இலும் பேசாலைக் கரையிலிருந்து வள்ளங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன. 2009க்குப் பின் திரும்பி வந்தவர்களிடம் பழைய உறுதியையும் தொடர்ச்சியான இடாப்புப் பதிவையும் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அகதி முகாமிற் பிறந்து இன்று தாயாகவும் தந்தையாகவும் நிற்போர் இத்தீவில் உளர். இடையறாது ஓரிடத்தில் வாழ்ந்தமைக்குப் புள்ளி வழங்கும் முறை, ஓடவேண்டி நேர்ந்தவனை இரண்டாம் முறையும் தண்டிக்கின்றது.

இவ்விடயம் பற்றிப் பேசாலையில் அன்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த உரையாடலைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. இரண்டு படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் ஒருவரும், அவருடைய படகிலே தொழிலுக்குப் போகும் இளைஞர் ஒருவரும் அங்கிருந்தனர். சம்மாட்டியாரின் மகன் நகரத்துப் பாடசாலைக்கு வாகனத்திற் செல்கின்றான்; இளைஞரின் மகள் ஊர்ப் பாடசாலையிற் படிக்கின்றாள்.

“தம்பி, என்ரை பிள்ளையைக் கட்டாயப்படுத்தி இங்கை இருத்தினால் உன்ரை பிள்ளைக்கு என்ன லாபம்? அவன் விஞ்ஞானம் படிக்க வேண்டும். ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் நான் அனுப்புவேன்” என்றார் பெரியவர்.

“உண்மைதான் சம்மாட்டியார். ஆனால் உங்கடை மகன் இங்கே படித்த காலத்திலே தண்ணீர்த் தொட்டி உடைந்தபோது நீங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போனீர்கள். ஒரு கிழமையிலே சரிவந்தது. இப்போது நான் போனால் வாசலிலே இருக்கச் சொல்கிறார்கள்” என்றார் இளைஞர்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அதற்காக என்ரை பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் வைக்க முடியுமே?” என்று கேட்டார். இருவரும் சிரித்தனர். ஆயினும் இருவரும் சொன்னவை மெய்யே என்று நமக்குப் பட்டது.

கல்வி அறிஞர் பலர் வசதியுடைய பிள்ளையோடு சேர்ந்து படிப்பதனால் வறிய பிள்ளைக்கு மொழியும் நம்பிக்கையும் வளரும் என்பர். அதுவும் சரியே. ஆனால் அவ்விளைஞர் கண்டது வேறொன்று. வசதியுள்ள குடும்பம் பாடசாலையை விட்டுப் போகும்போது ஒரு மாணவன் மட்டும் போவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேள்வி கேட்கும் தந்தை போகின்றார். கடிதம் எழுதும் தாய் போகின்றாள். அதிகாரி செவிசாய்க்கும் குரலும் போகின்றது. எஞ்சியவர் கேட்கத் தெரியாதவர் அல்லர். கேட்டால் கிடைக்கும் என்று அநுபவத்திற் காணாதவர்.

பிள்ளைகளைக் கலந்து இருத்துவது பற்றிய வழக்குத் தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் எல்லைக்கோடு ஒரு காலத்தில் வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. உயர்ந்தவர் எனப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கிலும், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் நிலத்திலும் அமர்த்தப்பட்டனர். 1929, 1930ஆம் ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் யாவர்க்கும் சமாசனம் வழங்கவேண்டும் என்று வித்தியா பகுதி வற்புறுத்தியபோது எழுந்த கொந்தளிப்பை இன்றைய மாணவர் கட்டாயம் படித்தல் வேண்டும். பெற்றார் சிலர் பிள்ளைகளை மறித்தனர், விண்ணப்பங்கள் பறந்தன, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. எதிர்த்து நின்றோருள் நம் சைவப் பெருமக்களும் இருந்தனர். அதனை மறைத்து எழுதுவது முறையன்று. மறுபுறம், 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞர் சமாசனத்துக்கும் சமபோசனத்துக்கும் துணிந்து வாதாடினர். பழைய வழக்கத்தைச் சட்டத்தால் ஒரேயடியாக மாற்றலாகாது என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம். இன்றைக்கு எல்லை மாற்றத்தை எதிர்ப்போர் எவரும் அத்தகையோர் என்று நாம் சொல்லவில்லை. தம் பிள்ளைக்கு நல்ல ஆசிரியரைத் தேடும் தந்தையையும், பிறர் பிள்ளை வாங்கில் அமரலாகாது என்ற தந்தையையும் ஒரே தராசில் இடுவது அநியாயம். எனினும் இருவர் விருப்பத்தின் பயனும் சிலவேளை ஒன்றாகவே முடிகின்றது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதனோடு சேர்ந்து வளர்ந்த மத்திய பாடசாலைத் திட்டத்தை நாம் இங்கு விசேடமாக நினைக்கின்றோம். கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை நகருக்கு இழுப்பதற்குப் பதிலாக, ஆய்வுகூடமும் விடுதியும் நல்லாசிரியரும் உடைய பெரும் பாடசாலையைக் கிராமப்புறத்துக்கே கொண்டு சென்றது அத்திட்டம். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மதச் சபைகளின் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. மன்னாரைப் போன்ற கத்தோலிக்கப் பகுதிகளில் அது பெரும் மனக்கசப்பை விளைத்தது. அங்ஙனம் கையேற்ற பாடசாலைகளில், கையேற்ற காலத்து மாணவரின் மத விகிதத்தைச் சேர்ப்பின்போது கவனிக்கும் விதியும் உண்டு. ஆகவே நம் நாட்டில் எல்லை என்பது தூரத்தால் மட்டும் ஆனதன்று. மொழியும் மதமும் அதன்மேல் தம் கோடுகளை ஏற்கெனவே கீறியுள்ளன. தீவிலே ஒரு மீனவரின் பிள்ளையும் அடுத்த ஊர் முசிலிம் வணிகரின் பிள்ளையும் இந்து உத்தியோகத்தரின் பிள்ளையும் ஒரு கூரையின்கீழ்ப் படிப்பது எளிதிற் கைகூடாமைக்கு இதுவும் காரணம்.

பிற நாட்டார் என் செய்தனர்? அமெரிக்காவின் பொசுத்தன் நகரில் 1974இல் நீதிமன்றக் கட்டளைப்படி கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் பேருந்துகளில் ஒருவர் பகுதிக்கு மற்றவர் அனுப்பப்பட்டனர். பேருந்துகள்மீது கல் விழுந்தது. வெள்ளையர் குடும்பங்கள் பல நகரை விட்டு வெளியேறின. பிரான்சின் தலைநகரான பாரிசிலோ 2017இல் வேறு வழி நாடினர். அருகருகே இருந்தும் ஒன்றில் வசதியுடையோரும் மற்றொன்றில் வறியோருமாகப் பிரிந்து கிடந்த இடைநிலைப் பாடசாலைகளைச் சோடியாக்கி, இரண்டுக்கும் ஒரே எல்லை வகுத்தனர். ஒரு சோடியில், ஓராண்டு புகுமுக மாணவர் அனைவரும் ஒரு பாடசாலைக்கும் அடுத்த ஆண்டு அனைவரும் மற்றப் பாடசாலைக்கும் செல்ல விதித்தனர். தனியார் பாடசாலைக்கு ஓடுவோம் என்று பயமுறுத்திய பெற்றாரும் இருந்தனர். எல்லாச் சோடியிலும் ஒரே பலன் விளையவில்லை. சிலவற்றிற் கலப்புத் தெளிவாக வளர்ந்தது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பாடசாலைகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

பாரிசு முறை கொழும்புக்கும் யாழ்ப்பாண நகருக்கும் ஓரளவு பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். நடந்து செல்லும் தூரத்தில் இரண்டு மூன்று பாடசாலைகள் அங்கே உள. மன்னார்த் தீவுக்கு அது பொருந்தாது. ஆறு வயதுக் குழந்தையைச் சமத்துவத்தின் பேரால் நாள்தோறும் 30 கிலோமீற்றர் பேருந்தில் ஆட்டுவதை நாம் ஆதரியோம். இங்கே வேண்டியது கன்னங்கரா காலத்து வழி. 2016இல் அரசு தொடங்கிய ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்ற திட்டத்தின் பெயர் நன்று. ஆனால் கட்டடம் எழுந்த இடமெல்லாம் ஆசிரியர் வந்தாரா என்பதே பெற்றாரின் கேள்வி. நாட்டின் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளில் பத்தில் மூன்று, நூறு பிள்ளைகளும் இல்லாத சிறு பாடசாலைகள். அவற்றை விட்டுச் சென்ற பிள்ளைகளைக் கோடு கீறித் திருப்ப இயலாது.

பழைய மாணவருக்குரிய 25 வீதத்தைப் பற்றி மட்டும் நாம் உறுதியாகச் சொல்லுவோம். தந்தை படித்த இடத்தில் மகன் படிப்பது இனிய வழக்கமே. நாமும் கல்லூரி ஒன்றிற் கற்பிப்பவராதலின் அவ்வுணர்ச்சியை அறிவோம். ஆயினும் பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலையில் நான்கில் ஒரு பங்கு பிறப்பினால் வருவது தகாது. அதிற் பாதியையேனும், சமுர்த்தியோ அதன் பின் வந்த அசுவெசும உதவியோ பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், இடம்பெயர்ந்து மீண்டோரின் பிள்ளைகளுக்கும், உறுதி கேளாமலும் இடாப்புக் கேளாமலும் வழங்கலாம். இதற்கு எந்த வட்டமும் வேண்டியதில்லை.

பேசாலைப் பற்றிமா மத்திய மகா வித்தியாலயம் போன்ற ஊர்ப் பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்கள் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டுகின்றன. வாசகர் தத்தம் ஊரில் அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது, பிள்ளையை நகருக்கு அனுப்பிவிட்ட அயலவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். உயர்தர வகுப்புக்கு இரசாயனமும் கணிதமும் கற்பிக்க எத்தனை ஆசிரியர் இருத்தல் வேண்டும், இருப்பவர் எத்தனை பேர், இடமாற்றம் பெற்றுச் சென்றவருக்குப் பதிலாக எவரும் வந்தனரா என்ற மூன்றையும் எழுத்திற் கேட்டு, விடையையும் எழுத்திற் பெற்றுக்கொள்வார்களாக.