கங்காணியைத் தொழிலாளியா நியமித்தான்?



பெரட்டுக் களத்தில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கங்காணியைத் துரை நியமித்தார். கங்காணியும் துரையின் முகத்தையே பார்த்தான். நம் பக்கம் திரும்பியதெல்லாம் அரைப் பேர் போடத்தான்.

கிள்ளானில் இன்று நடப்பதும் அந்தக் கங்காணி முறைதானே? மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. கோலாலம்பூரிலோ உறுப்பினர் என்ற பேச்சே கிடையாது. மேலேயிருந்து வந்த மேயர், மேலேயிருந்து வந்த ஆலோசனைக் குழு! பிரிக்பீல்ட்ஸ்காரர் வீட்டு வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது.

என்றும் இப்படியா இருந்தது? 1952 பிப்ரவரியில், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே, கோலாலம்பூர் மக்கள் 12 நகரசபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1961இல் தலைநகரில் அந்த உரிமை போயிற்று. 1965இல் இந்தோனேசியத் தகராறைக் காட்டி நாடெங்கும் தேர்தலை நிறுத்தினார்கள். தகராறு 1966இல் தீர்ந்தது. தேர்தல் திரும்பவில்லை!

நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். குறைகள் இருப்பினும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே மேல் என்று அக்குழு 1968இல் அறிக்கை தந்தது. கிடைத்த பலன்? 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு தேர்தலுக்கே பூட்டுப் போட்டது.

அக்கால மன்றங்களில் ஊழல் இருந்ததே என்பார்கள். இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஊழல்காரனை ஊரார் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. மே 13 திரும்பும் என்று மிரட்டுவோரும் உண்டு. 1969க்கு நான்காண்டு முன்பே நிறுத்திய தேர்தலின் தலையில் அந்தப் பழியைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இது பெரிய மனிதர் விவகாரமென்று ஒதுங்காதீர்கள். லயத்தில் குழாய் கெட்டால், "தனியார் நிலம்" என்று மன்றங்கள் கைவிரித்தன. இன்று தோட்டம் போய், அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். மின்தூக்கி நின்றால் கிழவி பத்து மாடி ஏறுகிறாள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா மக்கள் கூரைமேல் நின்றார்கள். மழையை எந்த மன்றமும் தடுக்காது, உண்மை. ஆனால் மறுவருஷம் அவர்கள் வாசலில் ஓட்டுக் கேட்டு நிற்கவேண்டிய ஆள் ஒருவர்கூட அந்த மன்றத்தில் இல்லை.

பினாங்கு தானே தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாதென்றது. ஆக, சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது. உங்கள் பகுதி எம்.பி. அடுத்த தடவை கும்பிட்டு வரும்போது நேராகக் கேளுங்கள்: 15ஆம் பிரிவை எடுக்கக் கை தூக்குவீரா, மாட்டீரா?