மலை செல்வோர்க்குக் காற்பிடியும் சுமையும்

கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கு மலையேற்றம் புதிதன்று. ஆயினும் இந்நாளில் நம் மாணவருட் சிலர் குரங்கணி, கொழுக்குமலை என்னும் அண்மையிடங்களோடு நில்லாது, இமயத்தின் பனிச்சரிவுகளையும் நாடிச் செல்கின்றனர். அவர்கள் கடையிற் கண்ட கருவிகளையெல்லாம் வாங்குமுன், செல்லும் நிலத்தையும் பருவத்தையும் ஆராய்தல் வேண்டுமென்பது என் துணிபு.

முதலாவது, காற்பிடி. மிதிபட்டு இறுகிய பனிப்பாதைக்கு, சங்கிலியிற் கோத்த சிறு இரும்பு முட்களைப் பாதரட்சையின்மேல் மாட்டிக்கொண்டாற் போதும். செங்குத்தான உறைபனிச் சரிவுக்கோ, வளையாத அடியுடைய பாதரட்சையும், அதிற் பிணித்த நீண்ட இரும்புப் பற்களும் வேண்டும். புதுப்பனி ஆழ்ந்து கிடக்குமிடத்தில் இவ்விரண்டும் காலைப் புதையாமற் காவா. உடலின் பாரத்தைப் பரப்பும் அகன்ற பனிமிதியடியே அங்கு ஏற்றது. இவை செல்வர்க்கே கூடுமென்பர் சிலர். இமய அடிவார ஊர்கள் பலவற்றில் இவை வாடகைக்குக் கிடைக்கும். தம் பாதரட்சையிற் பொருந்துமாவென்று அங்கேயே மாட்டிப் பார்த்தல் நலம்.

இரண்டாவது, சுமை. பனியில் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டி, சமநிலத்தில் முதுகின் பாரத்தைக் குறைக்கும். குறுக்குச் சரிவில் அது புரண்டு பக்கவாட்டில் இழுக்கும். இறக்கத்தில் பின்னின்று தள்ளும். ஆதலின் ஒடுங்கிய மலைப்பாதைக்கு முதுகுப்பையே தக்கது. நிலத்திற்கேற்பச் சாதனத்தை மாற்றுதற்கு நம் மலைகளிலேயே சான்றுண்டு. 1902ஆம் ஆண்டில் மூணாற்றினின்று டாப் ஸ்டேஷன் வரை எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அதன் இடத்தில் சிறு இரயில் வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குள்ள பேரிறக்கத்தில், தேயிலையைக் கம்பிவட வழியே இறக்கினர். அப்பால் போடிநாயக்கனூருக்கு வண்டியிற் கொண்டு சென்றனர். சரக்கு ஒன்றே, நிலம் மாறியவிடத்துச் சாதனமும் மாறிற்று.

மூன்றாவது, பருவம். 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணிச் சரிவிற் பற்றிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். புல் காய்ந்து சருகான கோடையில் அத்தகைய சரிவில் தீ மூளுமாயின், எத்துணை உயர்ந்த பாதரட்சையாலும் பயனில்லை. அக்காலத்திற் செல்லாது நிற்றலும் ஒரு தேர்வே.

மாணவ நண்பர்களே, வனத்துறையின் அனுமதியும் வழியறிந்தார் துணையுமின்றிப் புறப்படாதீர்கள். நிலம் யாது, பருவம் யாது, இடர் வரின் இறங்கும் வழி யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே கருவி வாங்கக் கடைக்குச் செல்வீர்களாக.